இரண்டு தட்டு தட்டினால் திறக்க வேண்டாமா?

போட்டோ தெளிவாக இருக்கிறது. நீள அகலம் சரி. எத்தனை கேபிக்குள் இருக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார்களோ அதற்குள்ளும் இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பத் தளம் அதை வாங்கமாட்டேன் என்கிறது. 'ஜே.பி.ஜி. மட்டுமே அனுமதி' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. நான் வைத்திருப்பது ஜே.பி.ஜி.தான். ஆனால் பெயரில் புள்ளிக்குப் பின்னால் ஜே.எஃப்.ஐ.எஃப். என்று நிற்கிறது. மெயிலில் வந்த போட்டோவைச் சேமிக்கும்போது பிரவுசர் தானாக வைத்த பெயர் அது. தளம் பெயரைப் பார்த்தது, கதவைச் சாத்திவிட்டது. எதிரே நிற்கிற தகப்பன் கேட்கிறார்: "போட்டோ நல்லா இல்லீங்களா சார்? மறுபடி எடுத்துட்டு வரணுமா?"

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற எனக்கு இந்தக் கேள்விதான் தாங்கமுடியாதது. கேட்கிறவர் பீஞ்சமந்தையிலிருந்தோ ஜார்த்தான்கொல்லையிலிருந்தோ பலாம்பட்டிலிருந்தோ மலை இறங்கி வந்தவர். ஜவ்வாது மலையில் அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்த ஊராட்சிகள் இவை. ஒரு நாள் கூலியை விட்டுத்தான் கீழே வருகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர் கையோடு பிள்ளையின் சாதிச் சான்றிதழ் வேலையையும் முடித்துக்கொண்டு போகலாம் என்று பார்ப்பார். மலையாளி பழங்குடி மக்களுக்குச் சாதிச் சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்கவேண்டும், ஆவணங்களைப் படமாக ஏற்றவேண்டும். அந்த ஏற்றும் இடத்தில் நாலெழுத்துப் பின்னொட்டு ஒன்று அவரை நிறுத்தி வைக்கிறது. கோளாறு தன்னுடையது, தன் போட்டோவுடையது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

ஜே.எஃப்.ஐ.எஃப். என்பது வேறு ஏதோ படவகை அல்ல. ஜே.பி.இ.ஜி. முறையில் சுருக்கிய படத்தை எந்தக் கணினியிலும் பரிமாறிக்கொள்ளலாம் என்பதற்காக, சி-கியூப் நிறுவனத்தில் இருந்த எரிக் ஹாமில்டன் முன்னின்று வகுத்த உறை அமைப்பு. 1992-ல் அதன் 1.02 பதிப்பு வெளிவந்தது. இன்றைக்கு ஸ்கேனரில் எடுத்து ஜே.பி.ஜி. என்று பெயர் வைத்துச் சேமிக்கிற படத்தை நோட்பேடில் திறந்தாலும், முதல் வரியில் குப்பை எழுத்துகளுக்கு நடுவே 'ஜே எஃப் ஐ எஃப்' என்ற நாலு எழுத்தும் பெரும்பாலும் கண்ணில் படும். தளம் வேண்டாம் என்று தள்ளுகிற அதே நாலெழுத்தை, தளம் வாங்கிக்கொண்ட ஃபைல்களும் வயிற்றுக்குள் சுமந்துகொண்டுதான் போயிருக்கின்றன.

அப்புறம் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஓர் அட்டவணை இருக்கிறது. 'இமேஜ்/ஜேபெக்' வகையில் ஒரு படம் வந்தால் அதற்கு என்ன பின்னொட்டு வைப்பது என்று அதில் ஒரு வரி. விண்டோஸ் 10 வந்த பிறகு ஏராளமான கணினிகளில் அந்த வரியில் ஜே.பி.ஜி.க்குப் பதில் ஜே.எஃப்.ஐ.எஃப். என்று இருந்தது. படத்துக்குப் பெயர் இல்லாமல் தளம் அனுப்பும்போது பிரவுசர் அந்த அட்டவணையைக் கேட்டுப் பெயர் வைக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது. ரெஜிஸ்ட்ரியைத் தொடத் தெரிந்தவர் திருத்திக்கொள்வார். தெரியாதவர்? ஃபைல் பெயரை மாற்றவேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தோன்றாது. ஏனென்றால் பின்னொட்டே அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஒரு ஃபைலின் மேல் இரண்டு முறை தட்டினால் எந்தச் செயலி திறக்கவேண்டும் என்பது, கணினிக்கும் மனிதனுக்கும் நடுவில் இருக்கிற மிக எளிய உடன்பாடு. பின்னொட்டைப் பார், அதற்கு உரிய செயலியைத் தேடு, ஃபைலின் முகவரியை அதனிடம் கொடு. இவ்வளவுதான் வேலை. உரிய செயலி எது என்று சொல்லவேண்டியவர் கணினியை வைத்திருப்பவர். நடப்பது அப்படி இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு செயலியும் 'இனி இதெல்லாம் என்னுடையது' என்கிறது. சந்தைக்கு வந்த ஆட்டின் கொம்பில் அடுத்தவன் தன் சாயத்தைப் பூசிவிட்டுப் போனால் ஒடுகத்தூரில் விடுவார்களா? கணினியில் தினமும் அதுதான் நடக்கிறது, கேட்க ஆளில்லை.

இந்தப் பிடுங்கலை நிறுத்துவதற்காக 2012-ல் விண்டோஸ் 8 ஒரு பூட்டுப் போட்டது. பயனர் தேர்ந்தெடுத்த செயலியின் பெயரோடு ஒரு கணக்குக் குறியையும் சேர்த்து எழுதி வைக்கும். வேறொரு செயலி அந்த இடத்தைத் திருட்டுத்தனமாக மாற்றினால் கணக்குக் குறி பொருந்தாது, மாற்றம் செல்லாது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் பூட்டின் சாவி இயங்குதளத்தை விற்கிறவரிடம் இருக்கிறது. அவரே பிரவுசரும் விற்கிறார். 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது, வேறு பிரவுசருக்கு மாற விரும்பியவர் ஒவ்வொரு பின்னொட்டாகத் தனித்தனியே மாற்றவேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டுதான் ஒரே பொத்தானில் மாற்றும் வழி திரும்பக் கிடைத்தது. 2024-ல் பி.டி.எஃப். தேர்வைக் காக்க இன்னொரு காவல் நிரலும் சேர்ந்தது. வெளிச் செயலிகள் உள்ளே நுழைய வழியில்லை. இயங்குதளத்தோடு வந்த பிரவுசரோ 'பரிந்துரைக்கப்பட்ட அமைப்புக்குத் திரும்புங்கள்' என்று அழைத்துக்கொண்டே இருக்கும்.

இதில் என்ன குடி முழுகிவிட்டது, பி.டி.எஃப். எதில் திறந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இ-சேவையில் வருகிற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கட்டும். அது டிஜிட்டல் கையொப்பம் இட்ட பி.டி.எஃப். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தக் கையொப்பம் செல்லும். ஆனால் அதைச் சரிபார்க்கத் தெரிந்த ரீடரில் திறந்து, இந்தியச் சான்றளிப்பு ஆணையத்தின் மூலச் சான்றை ஒருமுறை நம்பகமானதாகச் சேர்த்தால்தான் பச்சைக் குறி விழும். பெரும்பாலான பிரவுசர்கள் கையொப்பத்தைச் சரிபார்ப்பதே இல்லை. காட்டுவது மஞ்சள் கேள்விக்குறியும் 'கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை' என்ற ஆங்கில வரியும்தான். அப்படியே அச்செடுத்து எடுத்துப்போகிறார்கள். ஏதோ ஒரு கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து, 'இது செல்லாது, வேற கொண்டா' என்று திருப்பி அனுப்புகிறார். சான்றிதழ் உண்மை, கையொப்பமும் உண்மை. திறந்த செயலிதான் தவறு. நல்ல ரீடரைப் போட்டு, பி.டி.எஃப். என்றால் இதிலேயே திற என்று நான் சொல்லி வைப்பேன். ஒரு புதுப்பிப்பு வரும், மறுபடி எல்லாம் பிரவுசரில் திறக்கும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பள்ளிகளில் சம்பளம் போடும் தலைமையாசிரியர்களுக்கு வேறு துன்பம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.டி.எஸ். கணக்கு, 24கியூ படிவம். அதைத் தயாரிக்கவும் சரிபார்க்கவும் கிடைக்கிற இலவச மென்பொருள் ஜாவாவில் எழுதியது, 'ஜார்' என்ற பின்னொட்டோடு வரும். ஜார் ஃபைல் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் கட்டுதான். அதனால் கணினியில் ஃபைல் சுருக்கும் செயலி ஏதாவது ஒன்று இருந்தால், 'கட்டுதானே, என்னுடையது' என்று அது எடுத்துக்கொள்ளும். தட்டினால் மென்பொருள் ஓடாது. உள்ளே இருக்கிற நூற்றுக்கணக்கான ஃபைல்கள் பட்டியலாக விரியும். வாழ்நாளெல்லாம் வரியை ஒழுங்காகக் கட்டிய ஆசிரியர், கெடு நாளன்று அந்தப் பட்டியலை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 'ஓப்பன் வித்' போய் ஜாவாவைக் காட்டினால் அரை நிமிட வேலை. இதை அந்த மென்பொருளின் முதல் பக்கத்தில் இரண்டு வரி தமிழில் எழுதி வைத்தால் ஆகாதா?

என் அக்கா மகன் சென்னையில் மென்பொருள் எழுதுகிறான். நான் படாத பாடு படுவதைப் பார்த்துவிட்டு, எங்களைப் போன்ற சென்டர்களுக்காகவே ஒரு செயலி எழுதிக் கொடுத்தான். ஒரு குடும்பத்தின் எல்லாச் சான்றுகளும் கடவுச்சொல் போட்ட ஒரே ஃபைலுக்குள் இருக்கும். 'வீடு' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி அதையே பின்னொட்டாக வைத்தான். அந்த ஃபைலை பென் டிரைவில் அவரவரே வைத்துக்கொள்ளலாம். கொண்டுவந்து தட்டினால் செயலி திறந்து, சாதி, வருமானம், இருப்பிடம் என்று எல்லாவற்றையும் காட்டும். அருமையான யோசனை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் தட்டினால் திறக்கவில்லை.

"மாமா, என் லேப்டாப்ல திறக்குதே" என்றான்.

"உன் லேப்டாப்ல திறந்து எனக்கு என்ன மாப்ள? ஒடுகத்தூர்ல திறக்கணும்."

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. இந்தக் கோளாறின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. இன்று மேசைக் கணினிச் செயலிகளை இணையப் பக்கம் எழுதுவதுபோலவே எழுதி, ஒரு சட்டகத்தில் வைத்துக் கட்டித் தருகிறார்கள். 2013-ல் கிட்ஹப் தன் 'ஆட்டம்' எடிட்டருக்காக உருவாக்கிய எலக்ட்ரான் அதில் பெயர் பெற்றது. விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாம் அதன் மேல் நிற்பவை. ஒரே முறை எழுது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் என்பதுதான் இந்தச் சட்டகங்களின் வாக்கு. ஜன்னல், பொத்தான், எழுத்து வரைக்கும் வாக்கு பலிக்கிறது. ஃபைலைத் தட்டித் திறப்பது என்று வந்தவுடன் மூன்றும் மூன்று திசைக்குப் போகின்றன. விண்டோஸ், செயலியை எழுப்பும்போது ஃபைலின் முகவரியைக் கட்டளை வரியில் ஒரு சொல்லாகச் சேர்த்துக் கொடுக்கிறது. மேக் அப்படிக் கொடுப்பதில்லை. தனியே ஒரு நிகழ்வாக அறிவிக்கும், செயலி முழுதாகத் தயாராகும் முன்பே அதைக் கேட்கக் காத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அறிவிப்பு காற்றோடு போய்விடும். லினக்ஸில் 'டெஸ்க்டாப்' ஃபைல் ஒன்றில் எந்த வகை என்று எழுதி, வகைப் பட்டியலையும் புதுப்பிக்கவேண்டும். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததால், இந்த ஊரில் அதுவும் பழக்கமானதுதான்.

எழுதுகிறவர் மேசையில் இவையெல்லாம் தெரியாது. எழுதிச் சோதிக்கும்போது கட்டளை வரியில் சட்டகத்தின் பெயர், அதற்கடுத்துத் திட்டத்தின் இடம், மூன்றாவதாகத்தான் ஃபைல். கட்டி முடித்து இன்னொரு கணினியில் நிறுவினால் நடுவில் இருந்த ஒன்று காணாமல் போய், ஃபைல் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். மூன்றாவதைத் தேடுகிற நிரல் வெறும் கையோடு நிற்கும். செயலி ஏற்கெனவே திறந்திருந்தால் இன்னொரு சிக்கல். இரண்டாவது ஃபைலைத் தட்டும்போது புதிதாக எழுந்த செயலி, பழையதிடம் முகவரியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவேண்டும். அப்படிக் கொடுக்கும்போது சொற்களின் வரிசை மாறலாம், கூடவே வேறு சொற்கள் சேரலாம் என்று எலக்ட்ரானின் வழிகாட்டியே எச்சரிக்கிறது. எத்தனையாவது என்று எண்ணக்கூடாது, பின்னொட்டைப் பார்த்துத் தேடவேண்டும். இன்னும் ஒன்று: முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி இல்லாவிட்டால், பெயரில் இடைவெளி உள்ள ஃபைல் பாதியில் அறுந்துபோகும். நம் ஊரில் ஃபைலுக்கு யார் இடைவெளி இல்லாமல் பெயர் வைக்கிறார்கள்? 'முருகன் அப்பா ரேஷன் கார்டு புதுசு' என்றுதான் வைப்பார்கள். அதில் 'முருகன்' மட்டும் செயலிக்குப் போய்ச் சேரும். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று அது சொல்லும்.

எல்லாவற்றையும் விட என்னைச் சுட்டது நிறுவும் இடம். எலக்ட்ரான் செயலிகளை நிறுவும் கட்டாக மாற்றப் பலரும் பயன்படுத்துவது எலக்ட்ரான்-பில்டர். அதன் வழிகாட்டியில் ஒரே ஒரு வரி: விண்டோஸில் பின்னொட்டை இணைப்பது, செயலியைக் கணினி முழுமைக்கும் நிறுவினால்தான் வேலை செய்யும். கணினி முழுமைக்கும் நிறுவ அட்மின் கடவுச்சொல் வேண்டும். மலைப் பள்ளியின் கணினிக்கு அட்மின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? எப்போதோ மாற்றலாகிப் போன ஆசிரியரிடம் இருக்கலாம், பொருத்திவிட்டுப் போன ஒப்பந்தக்காரரிடம் இருக்கலாம். ஆகவே செயலி பயனருக்கு மட்டும் நிறுவப்படும், அழகாகத் திறக்கும், ஃபைலைத் தட்டினால் 'இதை எதில் திறப்பது?' என்று கணினி கேட்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. இணைப்பு நடக்கவில்லை என்று நிறுவும்போதே ஒரு வரி சொன்னால் என்ன கெட்டுப்போகும்? மௌனமாகத் தோற்கிற கருவியை வைத்துக்கொண்டு தோல்வியின் காரணத்தை எங்கே போய்த் தேடுவது? பயனர் பகுதி ரெஜிஸ்ட்ரியில் தானே எழுதிக்கொள்ளும்படி அக்கா மகன் பிறகு மாற்றிக் கொடுத்தான். அட்மின் இல்லாமலே நடந்தது. நடக்கக்கூடிய ஒன்றை ஏன் முதலிலேயே செய்து வைக்கவில்லை என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. சோதித்தவர்கள் எல்லோரும் தங்கள் கணினிக்குத் தாங்களே அட்மின் என்பதுதான் எனக்குத் தெரிந்த விடை.

இப்போது மறைந்திருக்கும் பின்னொட்டுக்கு வருகிறேன். விண்டோஸ் 95 காலத்திலிருந்து, தெரிந்த வகை ஃபைல்களின் பின்னொட்டை மறைத்து வைப்பதே வழக்கம். கண்ணுக்கு அழகாக இருக்கும் என்று செய்தார்கள். அந்த அழகுக்கு உலகம் கொடுத்த விலையை 2000 மே மாதம் பார்த்தோம். பிலிப்பைன்ஸில் புறப்பட்ட 'ஐ லவ் யூ' மெயிலோடு வந்தது காதல் கடிதம் என்று பெயரிட்ட ஒரு ஃபைல், கடைசியில் டி.எக்ஸ்.டி. என்று முடிந்தது போலத் தெரிந்தது. அதற்கும் பின்னால் வி.பி.எஸ். என்ற உண்மையான பின்னொட்டு மறைந்து கிடந்தது. எழுத்து ஃபைல் என்று நம்பித் தட்டினார்கள், நிரல் ஓடியது, உலகெங்கும் கணினிகள் விழுந்தன. கால் நூற்றாண்டு கடந்தும் அந்த அமைப்பு மாறவில்லை. இன்று வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், அரசு உதவித்தொகை என்றும் ஏ.பி.கே. ஃபைல்கள் வருகின்றன. பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்கவேண்டும், ஏ.பி.கே. என்றால் அது செயலி, தட்டினால் போனுக்குள் குடியேறிவிடும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். பின்னொட்டு என்று ஒன்று இருப்பதையே கணினி இத்தனை ஆண்டு மறைத்துப் பழக்கிய பிறகு, அதைப் பார்த்துப் பிழைத்துக்கொள் என்று மலையிலிருந்து வருகிற பெரியவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

தளம் பின்னொட்டை மட்டும் பார்த்து விரட்டுகிறது. இயங்குதளம் அதே பின்னொட்டை மறைக்கிறது. செயலிகள் அதற்காகச் சண்டை போடுகின்றன. கட்டித் தரும் சட்டகம் அதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது. எல்லோருக்கும் நடுவில் நிற்கிறவர், ஃபைலுக்கு உரியவர். அவரை யாரும் கேட்பதில்லை.

ஐரோப்பாவில் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்த பிறகு, ஒருவர் தன் பிரவுசரைத் தேர்ந்தெடுத்தால் அதோடு இன்னும் பல இணைப்பு வகைகளும் ஃபைல் வகைகளும் சேர்ந்து மாறும்படியும், இயங்குதளத்தின் பிரவுசர் தேவையில்லாமல் வந்து 'என்னைத் தேர்ந்தெடு' என்று தொந்தரவு செய்யாதபடியும் மைக்ரோசாஃப்ட் மாற்றங்கள் அறிவித்தது, 2025-ல். ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு மட்டும். செய்யமுடியாததல்ல என்று ஆகிவிட்டது அல்லவா? அதே விண்டோஸைத்தான் இங்கும் விற்கிறார்கள். இங்கு மட்டும் ஏன் கிடையாது என்று நம் நாட்டு அரசு கேட்கவேண்டும்.

அரசு வேறொருவரைக் கேட்காமல் தானே செய்யக்கூடியதும் இருக்கிறது. ஜே.பி.இ.ஜி. படம் எதுவானாலும் அதன் முதல் இரண்டு பைட்டுகள் மாறாதவை. பி.டி.எஃப். என்றால் தொடக்கத்திலேயே தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வரும். விண்ணப்பத் தளங்கள் பெயரைப் பார்ப்பதை விட்டு இந்தத் தொடக்கத்தைப் படித்தால், ஜே.எஃப்.ஐ.எஃப். என்று பெயர் வைத்த படமும் உள்ளே போகும், ஜே.பி.ஜி. என்று பெயர் மாற்றி வைத்த நச்சு நிரலும் வெளியே நிற்கும். ஒரு நிரலாளருக்கு அரைநாள் வேலைகூட இல்லை. சான்றிதழ்களை வழங்கும்போதே, இந்தக் கையொப்பத்தை எதில் திறந்து எப்படிச் சரிபார்ப்பது என்று அதன் அடியில் தமிழில் நாலு வரி அச்சிடலாம். அலுவலகக் கவுண்டர்களில் இருக்கிற கணினிகளில் அந்த ரீடரை முதலில் போடட்டும். மஞ்சள் கேள்விக்குறியைக் காட்டித் திருப்பி அனுப்புவதற்கு முன் அவர்களே ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

அக்கா மகனிடமும் அவனைப் போல எழுதுகிற பிள்ளைகளிடமும் நான் கேட்பது ஒன்றுதான். கட்டி முடித்ததும் உங்கள் மேசையை விட்டு எழுந்து வாருங்கள். அட்மின் கடவுச்சொல் தெரியாத, பெயரில் இடைவெளியும் தமிழும் உள்ள ஃபைல்கள் நிறைந்த, ஏற்கெனவே வேறு செயலிகள் கைவைத்த ஒரு கணினியில் நிறுவுங்கள். செயலியைத் திறக்காதீர்கள். ஃபைலைத் தட்டுங்கள். செயலி திறந்திருக்கும்போது இன்னொரு ஃபைலைத் தட்டுங்கள். பிறகு செயலியை நீக்கிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்; செத்துப்போன செயலியின் பெயர் 'ஓப்பன் வித்' பட்டியலில் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது மற்றவர் பின்னொட்டுகளில் கைவைக்காதீர்கள். 'நானும் திறப்பேன்' என்று பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், வேண்டுமென்றால் அவரே தேர்ந்தெடுப்பார். அப்படி ஒரு கணினி கிடைக்கவில்லை என்றால் ஒடுகத்தூருக்கு வாருங்கள். என் சென்டரில் இருக்கிறது, காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு அந்தக் கணினிக்கு வேலை இருக்கும்.